யாருடைய ஆயுளுக்கு வாரண்டி?

கோரிப்பாளையம், மதுரை.
செவ்வாய்க்கிழமை, அஸர் தொழுகைக்குப் பிறகு.

மதிப்புக்குரிய மாப்பிள்ளை சிராஜ் அவர்களுக்கு,

மாமா நைனா முகமதுவின் ஸலாம். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உங்கள் மாமியும் நலம். மஸ்கட்டில் நீங்களும் எங்கள் மகள் சாதிகாவும் நலமாயிருக்க துஆ செய்கிறோம். போன் இருக்கும்போது தாளில் எழுதி, அதைப் படம் பிடித்து வாட்ஸப்பில் அனுப்புகிறாரே, மாமாவுக்கு என்ன ஆச்சு என்று நினைக்க வேண்டாம். உங்கள் போன் என்றாலே மாமி போட்ட வேலையைப் போட்டபடி எழுந்து, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நின்றுதான் பேசுவாள். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் மாப்பிள்ளை மாப்பிள்ளைதானாம். அவள் காதில் விழக்கூடாத சங்கதி இது.

போன பெருநாளுக்கு நீங்கள் அன்போடு வாங்கித் தந்த கரண்டு தையல் மிஷின் மூச்சை நிறுத்தி மவுத்தாகிவிட்டது. மாமியின் தங்கச்சி மகள் நுஸைபாவுக்கு ஞாயிற்றுக்கிழமை நிக்காஹ். "உடுப்பு கடையில எதுக்கு, நானே தச்சுத் தாரேன்" என்று சொந்தபந்தம் அம்புட்டுப் பேரிடமும் சொல்லி வைத்திருக்கிறாள். இடது கை முடிந்து வலது கையை ஆரம்பித்தாள், 'டர்ர்' என்று ஒரு சத்தம், அத்தோடு சரி. "பொண்ணு ஒத்தக் கை உடுப்போடயா உக்காருவா?" என்று அவள் அழுததைப் பார்க்க எனக்கு மனசு கேட்கவில்லை. பெட்டியில் ஆயுள் வாரண்டி என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறதே என்று கம்பெனிக்குப் போன் போட்டேன். தமிழ்வாணி என்றொரு பிள்ளை பேசியது.

"சார், ஆயுள்னா உங்க ஆயுள் இல்ல. மிஷினோட ஆயுள்."

"அதான் மவுத்தாப் போச்சேம்மா!"

"அப்ப ஆயுள் முடிஞ்சிருச்சு சார். வாரண்டியும் முடிஞ்சிருச்சு."

இது என்ன நியாயம் மாப்பிள்ளை? உயிரோடு இருந்தால் வைத்தியம் தேவையில்லை, செத்தால் வைத்தியம் கிடையாது! வந்த கோபத்தில் மிஷினைத் தூக்கிக்கொண்டு சிம்மக்கல்லுக்குக் கிளம்பினேன். மாப்பிள்ளை கொடுத்தது கெட்டுப்போச்சு என்று தெருவில் நாலு பேர் பேசக்கூடாதே என்று பிள்ளைப் போர்வையில் சுற்றி மடியில் வைத்திருந்தேன். ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "பாய், பிள்ளைக்கு மூச்சுப்பேச்சே இல்லையே!" என்று நேரே பெரியாஸ்பத்திரிக்குள் விட்டுவிட்டார். அங்கே ஸ்ட்ரெச்சர் வந்து, போர்வையைப் பிரித்து, நான் வாங்கிய ஏச்சை எழுத முடியாது. ஒருவழியாக அங்கிருந்து தப்பிப் போனால், சிம்மக்கல் மெக்கானிக் முத்துக்குமரன் மிஷினைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "பாய், இதைக் கழட்ட ஸ்க்ரூவே இல்ல, ஒட்டி வச்சிருக்கான். ஒடச்சுத்தான் பாக்கணும். அந்தச் செலவுக்குப் புதுசே வாங்கிரலாம், தூக்கிப் போடுங்க" என்றான். கொஞ்சம் கெட்டால் தூக்கிப் போடணுமாக்கும்! எனக்குந்தான் முட்டி ரிப்பேர். உங்க மாமி என்னைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசா வாங்குனா?

மறுபடியும் தமிழ்வாணியைப் பிடித்துச் சத்தம் போட்டேன். வாங்கி ஒரு வருசத்துக்குள் முழுசாகச் செத்திருந்தால் புது மிஷின் உண்டாம். ஆள் வந்து பார்ப்பாராம். ஆனால் பில் வேண்டுமாம். மாமியிடம் சொன்னதுதான் தாமதம், பிடித்துக்கொண்டாள். "மாப்பிள்ளை குடுத்த பொருளுக்குப் பில்லு கேப்பீகளா? வெலை என்னன்னு கேக்குற மாதிரியில்ல இருக்கு! கேட்டீக, சமயநல்லூர்ல எங்க அக்கா வீட்டுக்குப் போயிருவேன்." ஆகவே தாங்கள் தப்பாக நினைக்காமல், விலை போட்ட இடத்தை விரலால் மறைத்தாவது பில்லைப் படம் எடுத்து எனக்கு மட்டும் அனுப்பவும். மாமி மானமும் நுஸைபாவின் வலது கையும் உங்கள் பொறுப்பு.

அல்லாஹ் உங்கள் இருவருக்கும் குறைவில்லாத பரக்கத் தரட்டும்.

துஆவுடன்,
மாமா நைனா முகமது

பின்குறிப்பு: பில் வேண்டாம்! கையெழுத்துப் போடும்போதே கம்பெனி ஆள் சூரியபிரகாஷ் வந்துட்டான். பெட்டியில உள்ள நம்பரே போதுமாம். மிஷின் செத்தது உறுதின்னா நாளைக்கே புதுசாம். முன்ரூம்ல உக்கார வச்சு டீ குடுத்தேன். அந்த நேரம் பாத்து உள்ள உங்க மாமி ஆத்திரத்துல மிஷினை ஓங்கி ஒரு அறை விட்டிருக்கா. ஓட ஆரம்பிச்சிருச்சு! வீடே அதிருது. ஓடுறதை இவன் பாத்தா புதுசு கெடையாது, இதுவோ எப்ப நிக்கும்னு தெரியாது. "என்ன சத்தம் பாய்?"ங்கிறான். "மாவாட்டுறாக தம்பி"ன்னுட்டேன், அல்லாஹ் மன்னிக்கணும். நிறுத்தச் சொன்னா எதுக்குன்னு கேப்பா. மாப்பிள்ளை குடுத்ததைக் கம்பெனிக்காரன்கிட்ட மாத்தப் போறேன்னு சொன்னா சமயநல்லூர்தான். டீ வேற முடியப்போகுது. அதனால இதைப் பாத்த ஒடனே மாமிக்குப் போன் போடுங்க. அவ எந்திரிச்சு முக்காட்டை இழுத்துவிடுற நேரத்துல, நான் மிஷினை மறுபக்கம் ஒரு அறை விடுறேன். இன்ஷா அல்லாஹ், மறுபடியும் மவுத்தாயிரும்.