மாவ்ரா யாரைப் பார்த்துச் சிரித்தாள்?

மற்ற ஊர்ச் சுரங்க ரயில் நிலையங்களில் தரையைத்தான் கழுவுவார்கள். மாஸ்கோவில் எங்கள் நிலையத்தில் வரலாற்றையும் சேர்த்துக் கழுவிச் சுத்தமாக வைத்திருந்தோம்.

திறப்பு விழாவன்று சுவர்ச் சித்திரத்தில் ஏழு பேர் இருந்தார்கள். ஆறு பேர் பெரிய மனிதர்கள். ஏழாவது, அவர்களை அண்ணாந்து பார்த்துச் சிரித்தபடி, மண்வெட்டியோடு நின்ற மாவ்ரா, சுரங்கம் தோண்டியவள். பெரியவர்களில் ஒருவர் 'துரோகி' என்று தெரியவரும்போதெல்லாம் கொத்தனார் வந்து சுண்ணாம்பு பூசிவிட்டுப் போவார். ஐம்பது வருடத்தில் மாவ்ரா மட்டுமே மிஞ்சினாள்.

அவள் மகள் அக்லாயா நகரும் படிக்கட்டின் அடியில், கண்ணாடிக் கூண்டில் வேலை பார்த்தாள். வீட்டில் அம்மாவின் படம் ஒன்றுகூட இல்லை, கூண்டுக்கு எதிர்ச்சுவரில் இருந்த அந்தச் சித்திரம்தான். கூண்டின்மேல் 'பணியாளர் எவ்விவரமும் தரமாட்டார்' என்ற பலகை தொங்கியது. யார் வழி கேட்டாலும் அதையே காட்டுவாள்.

பொன்விழாவுக்கு 'வரலாற்றுச் செம்மைக் குழு' வந்தது. தலைவர் கொன்ராத் இலாரியோனோவிச் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சுவரை ஆராய்ந்தார்.

"இந்தப் பொண்ணு யாரைப் பாத்துச் சிரிக்குது?"

"அங்க யாருமே இல்லீங்களே," என்றார் செயலாளர்.

"அதான்யா வம்பு! சிரிச்சா, அங்க யாரோ இருந்தாங்கன்னு ஆகுதுல்ல? ஆபத்தான சிரிப்பு. பூசுங்க!"

அக்லாயா கூண்டிலிருந்து ஓடிவந்தாள். "ஐயா, அது எங்கம்மா! இந்தச் சுரங்கத்தைத் தோண்டினவங்க!"

கொன்ராத் பலகையைச் சுட்டிக்காட்டினார். "படிக்கத் தெரியுமில்ல? நீ விவரம் தரக்கூடாதும்மா."

மறுநாள் சுவர் பளிச்சென்று இருந்தது. விழா மலரும் வந்தது: 'இந்நிலையம் ஐம்பது ஆண்டுகளுக்கு முன் தோன்றியது.' மழைக்குக் காளான் முளைத்த மாதிரி! அக்லாயா மலரை மூடிவைத்தாள். விழாக் கூட்டம் இறங்கி வரும்போது கூண்டிலிருந்த ஒலிவாங்கியைக் கையில் எடுத்தாள்.

"வலது பக்கமா நில்லுங்க. இடது பக்கம் நடக்கிறவங்களுக்கு வழி விடுங்க. எதிர்ச் சுவர்ல அண்ணாந்து சிரிச்சபடி இருந்தது எங்கம்மா மாவ்ரா. இந்தப் பள்ளத்தைத் தோண்டினவங்க. கைப்பிடியைக் கெட்டியாப் புடிச்சுக்கோங்க."

சாயங்காலத்துக்குள் நாற்பது பேர் வெறும் சுவருக்கு முன்னால் நின்று, அண்ணாந்து பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

கொன்ராத் வேர்த்து விறுவிறுத்து ஓடிவந்து, அப்பா பெயரையும் சேர்த்து மரியாதையாகக் கூப்பிட்டார். "அக்லாயா சவெலியெவ்னா! மேலிடத்துல கேக்கறாங்க. இவங்கல்லாம் யாரைப் பாத்துச் சிரிக்கறாங்க? முன்ன யார் யார் இருந்தாங்க? குழுவுல ஒருத்தருக்கும் ஞாபகமில்ல. நீங்கதாம்மா விவரம் சொல்லணும்!"

அக்லாயா பலகையைக் கழற்றி அவர் கையில் கொடுத்தாள்.

"இதையே உங்க வரலாத்துக்கு அட்டையாப் போட்டுக்கோங்க."