கவுதாவுக்கு முப்பத்தொரு டிகிரி

கொட்டகையிலிருந்து பழைய கார் பாட்டரியைத் தூக்கிக்கொண்டு டினெயோ கூடத்துக்குள் நுழைந்தபோது, தொட்டியின் வெப்பமானி இருபத்தெட்டைக் காட்டியது. கரண்ட் போய் அரை மணி நேரம்தான் ஆகியிருந்தது. முப்பத்தொன்று இருக்க வேண்டிய இடம்.

"மூணு டிகிரிதானே. பத்து நிமிஷ வேலை," என்றாள்.

புளூம்ஃபொன்டெய்ன் நகரத்துக் கசாப்புக் கடைகளில் பாதிக்கு மேல் குளிர் அறைகளைப் பழுது பார்ப்பவள் அவள். ஊர் இறைச்சியின் குளிரையெல்லாம் கட்டி ஆளுகிறவளுக்கு ஒரு கண்ணாடித் தொட்டியின் சூடு எம்மாத்திரம்?

தொட்டிக்குள் இருப்பது கவுதா. டினெயோவின் தாய்மொழியில் தங்கம் என்று பொருள். பயந்தால் பந்து மாதிரி சுருண்டுகொள்ளும் சிறிய மலைப்பாம்பு. கல்யாணத்துக்கு முன்பு, வேலை தேடி அலைந்த நாட்களில், ஒற்றை அறையில் டினெயோவுக்குத் துணையாக இருந்த ஒரே ஜீவன். அதன்மேல் அவளுக்கு உயிர்.

கணவன் கோட்ஸோவுக்கு அப்படியில்லை. மார்ச் மாதம் கவுதா தப்பித்துப்போய்ப் பக்கத்து வீட்டுச் சலவை இயந்திரத்துக்குள் படுத்திருந்ததிலிருந்து அவன் ஒரே பேச்சாக இருந்தான். இன்னொரு தடவை ஏதாவது நடந்தால் பாம்பு ஊருக்கு வெளியே உள்ள பாம்புப் பண்ணைக்குப் போய்விடும். டினெயோவும் தலையாட்டியிருந்தாள். தப்பு நடந்தால்தானே?

"உன் பெல்ட்டுக்கு என்னம்மா ஆச்சு?" என்று கேட்டார் மாமனார்.

தங்கச் சுரங்கத்தில் முப்பது வருடம் வெந்துவிட்டு ஓய்வு பெற்றவர். அங்கே ஜூலைதான் குளிர்காலம்; இப்போது அந்தக் குளிர் தாங்காமல், கழுத்துவரை கம்பளிப் போர்வையை இழுத்துக்கொண்டு ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். கவுதாவைப் பாம்பு என்றுகூடச் சொல்லமாட்டார். பெல்ட் என்பார், சாட்டை என்பார், செருப்பு வார் என்பார். தன் கண்ணில் படக்கூடாது என்று தொட்டிக்குத் திரை போடச் சொன்னவரும் அவர்தான். மருமகள் மாமனாரின் பெயரைச் சொல்லக்கூடாது, நாற்காலியில் உட்காரக்கூடாது, போர்வையில் விரல்கூடப் படக்கூடாது. டினெயோ இதில் ஒரு நாளும் தவறியதில்லை.

"ஒண்ணும் ஆகலை மாமா. போன வருஷம் என் கிளப்புல அத்தனை பேர் பாம்புக்கும் சளி பிடிச்சுது. கவுதா ஒரு தும்மல் போட்டிருக்குமா? எல்லாம் என் பெட்டியோட மகிமை."

பெட்டி என்றது அவளே செய்த வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவியை. அதைப் பற்றிக் கிளப்பில் இரண்டு முறை சொற்பொழிவே ஆற்றியிருக்கிறாள்.

"பெட்டிதான். வேற என்ன?" என்று கண்ணை மூடிக்கொண்டார் கிழவர்.

பாட்டரியில் மாட்டியும் பெட்டி அன்றைக்கு மூச்சு விடவில்லை. டினெயோ அதைக் கழற்றிப் போட்டுவிட்டு, தொட்டிக்கு அடியிலிருந்த சூட்டு விரிப்பை இன்வெர்ட்டர் வழியாக நேராகப் பாட்டரியில் கொடுத்தாள். பிறகு மாமனாருக்குத் தேநீர் போடப் போனாள். மற்றவர்கள் எதையும் இரண்டு கையால் வாங்காவிட்டால் ஊரையே கூட்டிவிடுகிற மனிதர், அன்றைக்குப் போர்வைக்குள்ளிருந்து ஒற்றைக் கையை மட்டும் நீட்டிக் கோப்பையை வாங்கினார். டினெயோ அதைக் கவனிக்கவில்லை. அவள் பார்வை வெப்பமானிமேல் இருந்தது. முப்பத்தொன்பது.

"சூடு கொஞ்சம் தாராளமா வந்திருக்கு," என்றாள்.

கவிழ்த்து வைத்த மண்சட்டிக்குள்தான் கவுதா இருக்கும். தோல் உரிக்கிற சமயம், சட்டியைத் தூக்கினால் இரண்டு வாரம் சாப்பிடாது. வெளியே ஓடி வரவில்லை என்றால் உள்ளே சௌகரியமாக இருக்கிறது என்றுதானே அர்த்தம்? டினெயோ விரிப்பை அணைத்து, தொட்டியின் மூடியை எடுத்து, ஜன்னலையும் திறந்துவிட்டாள்.

வெளியிலிருந்த குளிருக்கு அழைப்பு தேவைப்படவில்லை. கால் மணி நேரத்தில் பத்தொன்பது.

"ஜன்னலைச் சாத்தும்மா. என்னையும் சேர்த்துப் புதைக்கவா? உன் புருஷன் இன்னிக்கு ஏற்கெனவே ஒரு சாவுக்குப் போயிருக்கான்."

"நீங்க உள்ளே போய்ப் படுங்களேன் மாமா."

"முட்டி வலி. எழுந்திருக்க முடியாது."

டினெயோ காஸ் அடுப்பில் வெந்நீர் காய்ச்சி, இரண்டு ரப்பர் பைகளில் நிரப்பிச் சட்டியின் இரு பக்கமும் வைத்தாள். வெப்பமானி இருபத்தைந்து, இருபத்தாறு என்று ஏறியது. அவள் இடுப்பில் கை வைத்து நின்று ரசித்தாள். அப்போது ஒரு பையின் மூடி கழன்று, தொட்டிக்குள் விரித்திருந்த மரத்தூள் முழுக்கக் கஞ்சியாகிவிட்டது.

"கவலைப்படாதீங்க மாமா."

"நான் எங்கே கவலைப்பட்டேன்?"

நனைந்தால் காய வைக்க வேண்டும், அவ்வளவுதான். மண்ணெண்ணெய்க் கணப்பை இழுத்து வந்து தொட்டியை ஒட்டிப் பற்றவைத்தாள். ஒரு பக்கம் ஈரம், மறு பக்கம் அனல். ஐந்தே நிமிடத்தில் கண்ணாடி மேலிருந்து கீழ்வரை படாரென்று விரிசல் விட்டது. தண்ணீர் தரைக்கு ஓடியது.

இனிமேல் பாம்பை வெளியே எடுத்தே ஆக வேண்டும். டினெயோ மண்சட்டியைத் தூக்கினாள்.

அடியில் ஈர மரத்தூள் மட்டும் இருந்தது.

விரிசல் வழியாக நழுவியிருக்குமோ? மூடியைத் திறந்தபோதா? ஜன்னல் வேறு அகலத் திறந்து கிடந்ததே. வெளியே போயிருந்தால் ராத்திரிக் குளிரில் செத்தே போகும்.

அடுப்புக்குப் பின்னால் பார்த்தாள். மெத்தையைப் புரட்டினாள். சலவைக் கூடை, ஷூக்கள், அலமாரி, மாவு டப்பா என்று ஒன்றையும் விடவில்லை. மாமனாரின் நாற்காலியைச் சுற்றி மூன்று முறை தவழ்ந்தாள், போர்வை நுனியில்கூட உரசிவிடாமல், மரியாதையாக.

"ஏதாவது தொலைச்சிட்டியா?"

"ஒரு... ஸ்க்ரூ, மாமா."

"நீளமான ஸ்க்ரூவா?"

அவள் பதில் சொல்வதற்குள் வாசலில் கார் வந்து நின்றது. சாவு வீட்டில் கொடுத்த பன் பொட்டலத்தோடு கோட்ஸோ உள்ளே வந்தான். தரையில் தண்ணீரைப் பார்த்தான், கணப்பைப் பார்த்தான், பிளந்த தொட்டியைப் பார்த்தான்.

"பாம்பு எங்க?"

"வீட்டுக்குள்ளதான் இருக்கு," என்றாள் டினெயோ. "தொண்ணூறு சதவீதம்."

"டினெயோ, நாம பேசினது என்ன?"

"இருட்டறதுக்குள்ள பிடிச்சிடுவேன். என்மேல நம்பிக்கை இல்லையா?"

"பிடிச்சுக் குடு. காலையில பண்ணையிலிருந்து ஆள் வருவான்." அவன் செல்போனை எடுத்து எண்ணைத் தேட ஆரம்பித்தான்.

டினெயோ ஈரத் தரையிலேயே உட்கார்ந்து, கையிலிருந்த வெப்பமானியைப் பார்த்தபடி அழுதாள். அது பதினேழு என்றது.

"ஃபோனைக் கீழ வைடா," என்றார் கிழவர்.

இருவரும் திரும்பினார்கள். போர்வை அவர் வயிற்றருகே மெல்ல ஒரு முறை புரண்டு அடங்கியது.

"அழுது அதை எழுப்பிடாதேம்மா. போன வருஷம் நீ வேலைக்குப் போனப்புறம் கரண்ட் போன அத்தனை நாளும் இது என் வயித்து மேலதான் படுத்துக் கிடந்துச்சு. உன் பெட்டிக்கு அப்பவே உயிர் இல்லை."