ஏரிக்குள் பதினேழு அடி

நடு ஏரியில் மூங்கில் கழியைக் கட்டிப்பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தபோதுதான் சவுரிராயனுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. காலடியில் இருந்த தெர்மாக்கோல் மிதவை நழுவிக் கரைப்பக்கம் போய்விட்டது. நீந்தத் தெரியாதவர் இல்லை. முப்பது வருஷமாக அந்த நெடுங்கரை ஏரியில் வலை இழுக்கிறவர். ஆனால் கழியில் தண்ணீர் தொட்ட இடத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்திருந்தார். விரலை எடுத்தால் அளவு போய்விடும். செத்தாலும் அளவோடுதான் சாவது என்று முடிவு கட்டிவிட்டார்.

கரையில் செங்கல் சூளை சக்கரபாணி கைகட்டி நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னா தலைவரே, மீனு உள்ளதான் கீதா? இல்ல, திண்டிவனம் மார்க்கெட்டுல போயி தேடலாமா?"

"ஏரில எறங்கி வந்து சொல்லுடா, அத்த."

"நான் எதுக்கு எறங்கணும்? நானா வித்தேன்?"

விஷயம் இதுதான். ஏரியில் மீன் பிடிக்கும் சங்கத்துக்குச் சவுரிராயன் தலைவர். ஐப்பசியில் ஆறாயிரம் குஞ்சு விட்டார்கள். போன வாரம் இழுப்பு வலை போட்டால் இரண்டு கூடை மீன்கூடத் தேறவில்லை. மீனுக்கு என்ன காலா இருக்கிறது, வல்லம் வரைக்கும் நடந்துபோய் பஸ் பிடிக்க? தலைவர்தான் யாருக்கும் தெரியாமல் பிடித்து விற்றுவிட்டார் என்று சக்கரபாணி கிளப்பிவிட்டான். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? ஞாயிற்றுக்கிழமை கூட்டம். மீன் எங்கே போனது என்று சவுரிராயன் காட்ட வேண்டும். இல்லையென்றால் இறங்க வேண்டும்.

பதவி போனால் போகட்டும், அது ஒரு பதவியா? திருடன் என்ற பேரோடு எப்படித் தெருவில் நடப்பது? அதுதான் அவரைத் தின்றது.

ஏரிக்குள் எங்கோ புதிதாகப் பள்ளம் விழுந்திருக்கிறது, வலை மேலே போகும்போது மீனெல்லாம் உள்ளே பதுங்கிக்கொள்கிறது என்பது அவருடைய கட்சி. அந்தப் பள்ளத்தைக் கண்டுபிடித்து, ஏரியின் ஆழத்தை மூலைக்கு மூலை அளந்து, வரைபடமாகப் போட்டு அவன்கள் மூஞ்சியில் வீசுவதாகச் சபதம்.

சொட்டச் சொட்ட வீட்டுக்குப் போனார். மனைவி லூர்துமேரி துண்டை எடுத்து நீட்டினாள்.

"ஏன்யா, ஏரி எவ்ளோ ஆழம்னு தெரிஞ்சிக்கினு நீ இன்னா அதுக்குள்ள குடித்தனமா பண்ணப்போற? வுட்டுட்டு சோத்த துன்னு."

"என்னத் திருடன்றானுங்கடி."

"சொன்னவன் வாயி அழுவட்டும். பதவிய தூக்கிக் குடுத்துட்டு நிம்மதியா இரு."

"என் பொண்டாட்டியே சக்கரபாணி கட்சியா?"

அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. தட்டு மட்டும் தண்ணீர்ப் பானை வரைக்கும் பறந்தது. மறுநாள் காலையில் கழியைத் தேடினால் காணோம். அடுப்பு மட்டும் நன்றாக எரிந்துகொண்டிருந்தது.

"அது நீ அளக்கற கழியா? நான் வெறவுன்னு நெனச்சேன்" என்றாள் லூர்துமேரி.

சரி, கழி வேண்டாம். மனிதனை விட நல்ல அளவுகோல் ஏது? அந்த ஊரில் தண்ணீரை எவன் அடிக்கணக்கில் சொன்னான்? முழங்கால், இடுப்பு, மார், கழுத்து, ஆள் முழுகும், அவ்வளவுதானே. சங்கத்தில் அவருக்கு வேண்டிய ஆட்கள் இரண்டே பேர்தான் மிச்சம். விருத்தாசலத்தை மேற்கிலும் பெரியதம்பியைக் கிழக்கிலும் இறக்கிவிட்டு, கரையில் சார்ட் பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்துகொண்டார். நடக்க நடக்க அவர்கள் கத்த வேண்டும், அவர் எழுத வேண்டும்.

"இடுப்பு."

"கழுத்து."

"இன்னும் இடுப்புதான்."

"அண்ணே, மூக்கு."

சாயங்காலத்துக்குள் படம் தயார். அதைச் சக்கரபாணிதான் முதலில் பிடுங்கிப் பார்த்தான். பார்த்துவிட்டு நிதானமாகக் கேட்டான்.

"தலைவரே, இவங்க ரெண்டு பேரும் மதிய சாப்பாட்டுக்கு அப்பறம் எடம் மாத்தி நின்னாங்களா?"

"ஆமா. அதுக்கு இன்னா?"

"காலையில கெழக்க பள்ளம். மதியானம் மேற்க பள்ளம். பெரியதம்பி எங்க போறானோ அங்கெல்லாம் பள்ளமும் கூடவே போவுது."

விருத்தாசலம் ஆறடி இரண்டு அங்குலம். பெரியதம்பி பேரில் மட்டும்தான் பெரியவன், ஆள் ஐந்தடிகூட இல்லை. கரையில் இருந்தவர்கள் சிரித்த சிரிப்பில் கொக்கெல்லாம் பறந்துவிட்டது.

"வலை போடத் தெரியாதவனுக்கு ஏரி கோணலாம்" என்று வேறு சொன்னான் அந்தப் பாவி.

சவுரிராயன் அன்று இரவெல்லாம் உட்கார்ந்து, விருத்தாசலத்தின் இடுப்பையும் பெரியதம்பியின் இடுப்பையும் நூல் போட்டு அளந்து, கணக்கைச் சரிப்படுத்தி, படத்தைத் திருத்தி வைத்துவிட்டுப் படுத்தார். காலையில் பார்த்தால் வடகிழக்கு மூலை இல்லை. அதில் கருவாட்டைச் சுற்றிப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டிருந்தாள் லூர்துமேரி.

"ஏண்டி, உனக்குக் கண்ணு தெரியலியா?"

"படம்னா பூவு, பொம்ம, ஏதாவது இருக்கும். இதுல வெறும் இடுப்பு, கழுத்துன்னு எழுதிக் கெடந்துது. எவனோ தையக்காரன் வுட்டுட்டுப் போனதுன்னு நெனச்சிக்கினேன்."

வெள்ளிக்கிழமை ஆகிவிட்டது. கோபத்தில் அவருக்குக் காது இரண்டும் அடைத்துக்கொண்டன. கோட்டக்குப்பத்து மீன் வியாபாரி யூசுப் அலிக்குப் போன் போட்டுக் கத்தினார். யூசுப் அலி பத்து வருஷம் குவைத்தில் இருந்தவர். பொறுமையாகக் கேட்டுவிட்டு, மறுநாள் காலை ஒரு பந்தோடு வந்து இறங்கினார்.

"இத்த நூல்ல கட்டி தண்ணில இழுத்துக்கினு போங்க ராயன். ஆழம் எவ்ளோன்னு இந்தப் போன்ல காட்டும். அங்க கடல்ல மீன் புடிக்க வாங்கினது. ஜல்தி முடிச்சிரலாம். நான் ஒரு டீ குடிச்சிட்டு வர்றேன்."

சவுரிராயன் மிதவையில் ஏறிப் போனார். போனில் என்னவோ புழு நெளிவது மாதிரி எழுத்தாக ஓடியது. ஒன்று மட்டும் அடையாளம் தெரிந்தது. கிழக்கே நடுவாக்கில் போனதும் பெரிய சைபர். திரும்பிச் சுற்றி வந்தார். அதே இடத்தில் அதே சைபர்.

கரைக்கு வந்ததும் பந்தைத் தூக்கி அடிக்கப் போனார். "நடு ஏரில ஆழமே இல்லன்னுது பாய் உன் மிஷினு. அப்ப நான் இன்னா, தரையிலயா தெர்மாக்கோல் ஓட்டிக்கினு கீறேன்? நீயும் என்னப் பேஜாரு பண்றியா?"

யூசுப் அலி போனை வாங்கிப் பார்த்தார். கண்ணாடியைப் போட்டு மறுபடியும் பார்த்தார்.

"இது அரபு நம்பரு ராயன். அரபுல சைபர்னா வெறும் புள்ளி. நீங்க பாத்தது அஞ்சு. அஞ்சு புள்ளி ரெண்டு மீட்டரு."

"அடிக்கணக்குல சொல்லு பாய்."

"பதினேழு அடி."

சவுரிராயன் கரையிலேயே உட்கார்ந்துவிட்டார். சுற்றிலும் ஐந்தடி ஏரி. நடுவில் பதினேழு அடி. அன்று முழுக்க யூசுப் அலி எண்ணைப் படிக்க, இவர் புதுப் பேப்பரில் குறித்தார். பொழுது சாயும்போது பள்ளம் வரைபடத்தில் எழுந்து வந்தது. இருபது அடிக்கு இருபது அடி, ஏரித் தரைக்குக் கீழே பன்னிரண்டு அடி. நாலு மூலையும் மட்டம் வைத்த மாதிரி.

தண்ணீர் அரித்த பள்ளம் சதுரமாகவா இருக்கும்? அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. கோடையில் ஏரி வற்றிக் கிடந்தபோது எவனோ பொக்லைன் வைத்து மண்ணைத் திருடியிருக்கிறான். அந்தத் திருடன் வெட்டிய குழியில் மீன் பதுங்க, திருடன் பட்டம் இவருக்கு.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தைத் தன் வீட்டு வாசலிலேயே வைத்தார். தை மாசம் குடிபோன புது வீடு. மழைக்குத் தெருவே மிதந்தாலும் சொட்டுத் தண்ணீர் உள்ளே வராத உயரம். ஏழு படி ஏறிப் போக வேண்டும். ஏழாவது படியில் நின்று வரைபடத்தைப் பிரித்துத் தூக்கிப் பிடித்தார். நெஞ்சு நிமிர்ந்து நின்றது. லூர்துமேரி பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"போதும்யா. மீன் எங்க இருக்குதுன்னு காட்டிட்ட இல்ல? அதோட வுடு."

"வுடறதா? இனிமேதான் கீது." கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "நாலாயிரத்து எண்ணூறு கன அடி மண்ணு. நாப்பத்தெட்டு டிராக்டர் லோடு. என்னத் திருடன்னு சொன்னீங்களே, நெசத் திருடன் எவன்னு இப்பத் தெரியும். இந்த ஊர்ல செங்கல் சூள வெச்சிருக்கறவன் எவன்?"

எல்லோரும் சக்கரபாணியைப் பார்த்தார்கள்.

"மாதா மேல சத்தியமா சொல்றேன். எவன் அந்த மண்ண எடுத்தானோ, அவன் வூட்டுப் பொம்பளையோட சேந்து, கூடைல அள்ளித் தலைல சுமந்து, அந்தக் குழிய ரொப்பணும். அதுவரைக்கும் அவனுக்கு ஏரிப் பக்கம் வேல இல்ல. எல்லாரும் கை தூக்குங்க."

சங்கம் மொத்தமும் கை தூக்கியது. எதற்கும் இருக்கட்டும் என்று சக்கரபாணியும் தூக்கினான். தீர்மானம் எழுதி, சவுரிராயன் முதல் கையெழுத்துப் போட்டார். லூர்துமேரி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஊரில் டிராக்டர் வைத்திருப்பவன் தேவா ஒருத்தன்தான். அவன் கூட்டத்தின் கடைசியில் ஒதுங்கி நின்றுகொண்டிருந்தான்.

"டேய் தேவா, முன்ன வா. மண்ணு அடிச்சவன் நீதான்னு எனக்குத் தெரியும். உன்ன ஒண்ணும் பண்ண மாட்டேன். எவன் வூட்டுக்கு அடிச்ச? பயப்படாம சொல்லு."

தேவா தலையைச் சொறிந்தான். சக்கரபாணியைப் பார்த்தான். சாத்திய கதவைப் பார்த்தான். பிறகு ஏழு படியையும் கீழிருந்து மேலாக ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னான்.

"கொத்தனாரோட சண்ட போட்டுக்கினு நீங்க மரக்காணம் உப்பளத்துக்குப் போனீங்களே மாமா, அந்த மாசம் அக்கா சொல்லித்தான், நாப்பத்தெட்டு லோடையும் இப்ப நீங்க நிக்கிற எடத்துக்கு அடியில கொட்டினேன்."