பத்துக்குப் பத்து வாங்கிய புகை

பெருமதிப்பிற்குரிய மச்சான் பீம்ராவ் அவர்களுக்கு, எர்ணாவூரிலிருந்து கோதண்டம் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு அனைவரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை. போனில் சொன்னால் உங்கள் தங்கச்சி பச்சையம்மா காதில் விழும், அதனால்தான் கடிதம்.

போன வெள்ளிக்கிழமை, என் மகள் எழில்மொழியின் ஐந்தாம் வகுப்பில் பெற்றோரைக் கூப்பிட்டு, அவரவர் சின்ன வயதில் படித்த பாடம் ஒன்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லச் சொன்னார்கள். எனக்கு மனப்பாடமாக இருப்பது ஒன்றே ஒன்று, அதில் பத்துக்குப் பத்து வாங்கியவன், விடுவேனா? கரும்பலகையில் மூன்று புகைபோக்கி வரைந்து, சாக்பீஸைப் படுக்கவைத்துப் புகையைத் தீற்றி, "எந்த ஊரில் புகை அதிகமோ அந்த ஊரே செழித்த ஊர், கடல் பெரியது, எவ்வளவு கழிவைக் கொட்டினாலும் கெடாது" என்று கணீரென ஒப்பித்தேன். வகுப்பே வாயைப் பிளந்தது. பாராட்டு என்றுதான் நினைத்தேன் மச்சான்! நெட்டுக்குப்பத்துப் பெண் மகிமா எழுந்தாள். "அங்கிள், எங்க நைனா வலைய இஸ்தா மீனு வர்ல, எண்ணெதான் வருது. அப்ப கடல் கெடலியா?" பின்னாலிருந்து இன்னொருத்தி, "என் தம்பிக்கு இழுப்பு கீது. நாங்க செழிச்சிட்டமா அங்கிள்?" என்றாள். வகுப்பு டீச்சர் ஜெனி டஸ்டரை எடுத்து என் புகையைத் துடைத்தார்.

வீடு திரும்பும்போது எழில் பத்தடி முன்னால் நடந்தாள். "இன்னாம்மா, கோவமா?" என்றேன். "நீ படிச்சதே தப்பாப்பா? அப்ப எனுக்குப் பின்னம் சொல்லிக் குட்த்தியே, அதுவும் தப்பா?" என்றாள். இடி விழுந்த மாதிரி இருந்தது. நேராகத் திருவொற்றியூர் போய், எனக்குப் பாடம் நடத்திய தங்கபுஷ்பம் டீச்சர் வீட்டுக் கதவைத் தட்டினேன். எண்பது வயது. "இன்னா டீச்சர், இப்டி சொல்லிக் குட்த்துக்கிறீங்க?" என்று கத்தியே விட்டேன். "புஸ்தகத்துல அப்படித்தாம்டே போட்டிருந்தான். நானும் நம்பித்தானே உனக்கு மார்க் போட்டேன்" என்றவர், மூச்சு முட்டி இன்ஹேலரை எடுத்து உறிஞ்சினார். சண்டைக்குப் போனவன் தண்ணீர் மொண்டு கொடுத்துவிட்டு வந்தேன்.

நாற்பது வருஷமாக நம்பியிருந்தேனே மச்சான்! மண்டைக்குள் இன்னும் என்னென்ன தப்பு உட்கார்ந்திருக்கிறதோ! இனி அந்தப் பள்ளிக்கூடப் படியை மிதிக்க மாட்டேன். அடுத்த வாரம் திங்கட்கிழமை அங்கே நடக்கும் பெற்றோர் கூட்டத்துக்குத் தாய்மாமன் என்ற முறையில் நீங்கள்தான் வர வேண்டும். அக்காவுக்கு என் கும்பிடு. பிள்ளைகள் நோய்நொடியில்லாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
தலைகுனிந்த கோதண்டம்

பின்குறிப்பு: நீங்கள் வர வேண்டாம். கவரை ஒட்டப் போகும்போது மகிமாவின் நைனா வாசலில் நின்றார். அடிக்கத்தான் வந்தார் என்று பயந்துபோனேன். "அதே பாடம் நானும் படிச்சேண்ணே" என்று சிரித்தார். கடல் கெடும் என்று பரீட்சையில் எழுதியதற்காக ஒரு மணி நேரம் பெஞ்சு மேல் நின்றவராம். திங்கட்கிழமைக் கூட்டத்தில் பிள்ளைகளுக்கு அவர்தான் பாடம் எடுக்கிறார். பிள்ளைகளோடு உட்கார்ந்து நான் கேட்கப் போகிறேன்.