குறுக்கே நிற்கும் அணியின் தலைவர்

வன்முறையைத் தடுக்கவே பிறந்தவர்கள் என்று நம்மிடையே ஒரு கூட்டம் வளர்ந்து வருகிறது. நீங்களும் பார்த்திருப்பீர்கள். அடிதடி நடக்கும் இடத்தில் தேடாதீர்கள், அங்கே கிடைக்க மாட்டார்கள். அடிதடியைப் பற்றிக் கருத்தரங்கு நடக்கும் இடத்துக்குப் போங்கள். முதல் வரிசையில், கழுத்தில் அடையாள அட்டையும் நெஞ்சில் ரிப்பனும் கையில் மைக்குமாக, ஊரார் துன்பத்தையெல்லாம் நேற்றுத்தான் ஒரே மூச்சில் படித்து முடித்தது போன்ற களைப்போடு ஒருவர் நிற்பார். அவர்தான். கைதட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் மனம் நொந்து போவார்.

இந்த இனத்தின் நல்ல மாதிரி ஒன்று ஜார்ஜ்டவுனில் இருக்கிறது. பெயர் கிருஷாந்த். ஒரு தனியார் கல்லூரியில் வணிக நிர்வாகம் மூன்றாமாண்டு படித்துக்கொண்டிருந்தான். மாணவரை மாணவரே காக்கும் திட்டம் ஒன்று தொடங்கப் போகிறோம், தலைமை தாங்க யாராவது, என்று மாணவர் விவகாரப் பிரிவின் குமுதா மேடம் சொல்லி வாக்கியத்தை முடிப்பதற்குள் எழுந்து நின்றவன் அவன். அணிக்குப் பெயர் வைத்தான், சின்னம் வரைந்தான், "பார், பேசு, குறுக்கே நில்" என்று முழக்கம் எழுதினான், ஊதா நிறத்தில் டீ-சட்டை அடித்தான், அந்த ஊதா ஒரு சாயல் வெளுத்துவிட்டதென்று திருப்பி அனுப்பி மறுபடி அடித்தான். பத்து பிரிங்கிக் கடற்கரையில் ஒரு ஹோட்டலில் நடந்த இரண்டு நாள் பயிற்சிக்குப் போய்ச் சான்றிதழோடும் ஒரு மூட்டைச் சொற்களோடும் திரும்பி வந்தான். அதற்குப் பிறகு அவனிடம் யாரும் "பாதிக்கப்பட்டவர்" என்று சொல்லிவிட்டுத் தப்ப முடியாது. "மீண்டவர்" என்று திருத்துவான். அவர் மீண்டாரா என்று கேட்டீர்களா? அது பயிற்சியில் வரவில்லை.

அணியில் பதினெட்டுப் பேர். பத்தொன்பதாவதாக ஷாஹிரா என்று ஒருத்தி இருந்தாள். நான்கு மணிக்கு வகுப்பு முடிந்ததும் ஆயர் ஈத்தாம் பஸ்ஸைப் பிடித்து ஓடுவாள், அங்கே பாசார் சந்தையில் அவள் அம்மாவுக்குப் பலகாரக் கடை. இதனால் உறுதிமொழிப் படப்பிடிப்புக்கு இரண்டு முறை வரவில்லை. "ஈடுபாடு போதாது" என்று எழுதி அவளை நீக்கியவன் கிருஷாந்த். தலைமை என்றால் இப்படிக் கடுமையான முடிவுகளும் எடுக்கத்தான் வேண்டும் என்று அன்று அணியிடம் சொன்னான். குரல் லேசாகக் கம்மியது. நன்றாகத்தான் கம்மியது.

தொடக்க விழா ஒரு வியாழக்கிழமை. அந்த வாரம் திங்களன்று பிரமிளா அவனைத் தேடி வந்தாள். சுங்கை பாக்காப் என்ற ஊர்ப் பெண், கணக்கியல் முதலாமாண்டு, விடுதியில் தங்கிப் படிப்பவள். கேண்டீனில் அவன் எதிரே உட்கார்ந்தவள் மேசையைப் பார்த்தே பேசினாள்.

"கிருஷாந்த் அண்ணே, போஸ்டர்ல உங்க நம்பர் பார்த்தேன். நானும் ஷர்வினும் பழகுறோம். அவன் என்னை அடிக்கிறான். ரெண்டு மாசமா. என் போனையும் வாங்கி வச்சிக்கிறான்."

அவள் சட்டைக் கையை மேலே இழுத்தாள். மணிக்கட்டைச் சுற்றி நான்கு விரல் தடம் கன்றிப்போயிருந்தது.

ஒரு கணம் அவன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழப் பார்த்ததென்னவோ உண்மை. அவனுக்குச் சாதகமாகச் சொல்ல இருக்கும் ஒரே செய்தி அதுதான் என்பதால் சொல்லிவிடுகிறேன். அடுத்த கணம் ஷர்வின் யாரென்பது நினைவுக்கு வந்தது. ஷர்வின் அணியின் துணைத் தலைவன். வியாழன் நாடகத்தில் பெண்ணைக் காப்பாற்றும் கதாநாயகன். வாசலில் கட்டியிருந்த பேனரில் ஆறடி உயரத்துக்குச் சிரித்துக்கொண்டிருப்பவன்.

"'அடிக்கிறான்'ங்கறது கொஞ்சம் கனமான வார்த்தை, பிரமிளா. எல்லை மீறல்னு சொல்லலாம்."

"சரி, அண்ணே. நீங்க எப்படி வேணா சொல்லுங்க. நிறுத்தச் சொல்லுங்க."

"அதுக்கு ஒரு முறை இருக்கு. நீ புகார்ப் பாரம் நிரப்பணும். பேர் போடாம நிரப்பினா செல்லாது. பேர் போட்டா அணியில எல்லாரும் பார்ப்பாங்க. ஷர்வினும் பார்ப்பான். அதனால வியாழக்கிழமை முடியட்டும், லா. டத்தோ வர்றாரு."

"அதுவரைக்கும் நான் என்ன செய்யறது?"

"மூச்சுப் பயிற்சி செய். லிங்க் அனுப்புறேன்."

அவள் போன பிறகு கிருஷாந்த் சும்மா இருந்திருந்தாலாவது பாதகமில்லை. ஆனால் இந்த ரகத்துக்குச் சும்மா இருக்கத் தெரியாது. இரு தரப்பையும் கேட்பதுதான் நியாயம் என்று அவனுக்குத் தோன்றியது. ஷர்வினுக்குக் குறுஞ்செய்தி அனுப்பினான்: "மச்சான், பிரமிளா என்கிட்ட வந்து கொஞ்சம் அழுதா. விழா முடியற வரைக்கும் கூலா இரு." அனுப்பிவிட்டு, ஒரு பிரச்சினையை முளையிலேயே சமாளித்துவிட்ட நிம்மதியோடு பலூன் நிறத்தைத் தேர்வு செய்யப் போனான்.

வியாழக்கிழமை விழா அமர்க்களமாக நடந்தது. அரசுப் பட்டம் பெற்ற சிறப்பு விருந்தினரான டத்தோ குத்துவிளக்கு ஏற்றினார், பிறகு பலூன் விட்டார், பிறகு தாம் படித்த காலத்தில் இதெல்லாம் கிடையாது என்றார். எதெல்லாம் என்று சொல்லவில்லை. நாடகத்தில் ஷர்வின் ஒரு முரடனின் கையைப் பிடித்து நிறுத்தி, "ஒரு பெண்ணின் மௌனம் சம்மதம் அல்ல" என்று முழங்கியபோது மண்டபமே எழுந்து கைதட்டியது. முதலாமாண்டு மாணவர்கள் கட்டாயம் வரவேண்டும் என்பதால் பிரமிளாவும் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். எல்லோரும் எழுந்ததால் அவளும் எழுந்தாள்.

பிறகு தேநீர். கரிபாப்பும் மீ கோரெங்கும் பரிமாறிக்கொண்டிருந்தார்கள். டத்தோவுக்குத் தரவேண்டிய நினைவுப் பரிசு கீழ்மாடி அறையில் இருந்தது. லிஃப்டை டத்தோவுக்கென்று நிறுத்தி வைத்திருந்தார்கள், ஆகவே கிருஷாந்த் மண்டபத்தின் பின்பக்கம் போய் அவசரப் படிக்கட்டின் கதவைத் திறந்தான்.

படியில் ஷர்வின் பிரமிளாவைச் சுவரோடு அழுத்திப் பிடித்திருந்தான். அவள் இடது கையை முதுகுக்குப் பின்னால் முறுக்கி வைத்திருந்தான்.

"அவன்கிட்ட போய் அழுதியா? சொல்லு, அழுதியா?"

பிரமிளா கதவு திறந்த சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தாள். கிருஷாந்தின் கண்ணும் அவள் கண்ணும் நேருக்கு நேர் சந்தித்தன.

பார் என்பது முதல் படி. பார்த்தான். பேசு என்பது இரண்டாவது. வாய் திறந்தது, திறந்தபடியே இருந்தது. பத்தடி தூரத்தில் டத்தோ கையில் கரிபாப்போடு திரும்பிக்கொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில் கல்லூரி முதல்வர், அவருக்குப் பக்கத்தில் பத்திரிகைப் புகைப்படக்காரர். கிருஷாந்துக்கு மின்னல் வேகத்தில் முடிவெடுக்கும் திறமை உண்டு என்று சான்றிதழிலேயே எழுதியிருக்கிறது. எடுத்தான்.

கதவைச் சாத்தினான். அதன்மேல் முதுகைச் சாய்த்துக்கொண்டு, டத்தோவைப் பார்த்துச் சிரித்தான்.

எவ்வளவு நேரம் அப்படி நின்றான்? பின்னால் கல்லூரி விசாரணையில் அவன் சொன்னது "சில வினாடிகள்". ஷாஹிரா சொன்னது, தான் மண்டபத்தை முழுக்கக் கடந்து வரும்வரை அவன் அசையவில்லை என்று. நூலகத்திலிருந்து வந்த அவள், லிஃப்ட் இல்லாததால் படிக்கட்டுக்கு வந்தாள்.

"ஏன் கதவ மறிச்சிட்டு நிக்கிற?"

"உள்ள கொஞ்சம் பெர்சனல் விஷயம். அந்தப் பக்கமா போயேன்."

"என்ன பெர்சனல்?"

அவன் பதில் சொல்வதற்குள் உள்ளேயிருந்து ஒரு முனகல் கேட்டது. ஷாஹிரா அவன் தோளைத் தள்ளிவிட்டுக் கதவைத் திறந்தாள். பயிற்சி பெறாதவள், எந்தப் படி முதலில் என்று தெரியாதவள். நேரே இறங்கிப்போய் இருவருக்கும் நடுவே தன் உடம்பை நுழைத்துக்கொண்டாள்.

"பிரமிளா, வா போலாம்."

"நீ யாரு இதுல தலையிட? இது உனக்குச் சம்பந்தமில்லாத விஷயம்," என்றான் ஷர்வின்.

"சரி. சம்பந்தமில்லாமயே நிக்கிறேன்."

அவன் தள்ளினான். அவள் முழங்கை கைப்பிடிக் கம்பியில் மோதித் தோல் கிழிந்தது. நகரவில்லை. கதவு திறந்தே கிடந்தது, யாரோ எட்டிப் பார்த்தார்கள், கூட்டம் சேர்ந்தது. ஷர்வின் பிடியை விட்டுவிட்டுப் படியிறங்கி ஓடினான்.

ஷாஹிரா பிரமிளாவைத் தோளில் சாய்த்துக்கொண்டு வெளியே வந்தாள். முதலில் கிளினிக், அடுத்து போலீஸ் நிலையம் என்றாள். கிருஷாந்த் வாசல்வரை கூடவே ஓடினான்.

"போலீஸ் வரைக்கும் எதுக்கு, லா? கல்லூரிக்குள்ளயே பேசித் தீர்த்துக்கலாம். அவன் பக்கமும் கேக்கணும் இல்லியா?"

பிரமிளா நின்றாள். அன்று முழுவதிலும் அவள் சத்தமாகப் பேசியது அப்போதுதான்.

"அண்ணே, நான் உங்ககிட்ட மட்டும்தான் சொன்னேன். அவனுக்கு எப்படித் தெரிஞ்சது?"

சொற்களை மூட்டையாகக் கட்டிக்கொண்டு வந்தவன், டத்தோவின் நினைவுப் பரிசு இன்னும் கீழ்மாடியிலேயே இருக்கிறதென்று திரும்பி ஓடினான்.

அதற்கப்புறம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிரமிளாவின் மணிக்கட்டு எலும்பில் கீறல் விட்டிருந்தது. கட்டுப்போட்ட கையோடு தேர்வு எழுதித் தேறினாள். ஷர்வினைக் கல்லூரி நீக்கியது, வழக்கு நடக்கிறது. சாட்சி சொல்ல நான்கு முறை அலைந்ததில் ஷாஹிராவுக்கு வகுப்பு வருகை குறைந்து எச்சரிக்கைக் கடிதம் வந்தது. விசாரணையில் குமுதா மேடம், கதவை ஏன் சாத்தினாய் என்று கிருஷாந்தைக் கேட்டார். "மீண்டவரின் தனியுரிமையைக் காக்க," என்றான். விசாரணைக் குழுவினர் ஒருவரையொருவர் பார்த்துத் தலையசைத்தார்கள். ஒருவர் அதைக் குறித்தும் கொண்டார்.

ஆண்டறிக்கையில், "வளாகத்தில் நிகழ்ந்த ஒரு சம்பவத்தில் அணியின் தலைவர் நிகழ்விடத்திலேயே இருந்தார்" என்று வந்தது. பொய்யென்று யார் சொல்ல முடியும்? சிறந்த மாணவத் தலைவர் விருதும் கிடைத்தது. இப்போது மற்ற கல்லூரிகளுக்குப் போய் அந்த நாளைப் பற்றிப் பேசுகிறான். தாசேக் கெலுகோரில் பேசும்போது கண்ணீரே விட்டானாம். இதில் வேடம் ஏதுமில்லை. தான் குறுக்கே நின்றதாகவே அவன் மனமார நம்புகிறான். கதவுக்கும் டத்தோவுக்கும் குறுக்கே நின்றது நின்றதுதானே?

ஒருநாள் கேண்டீனில் பிரமிளாவும் ஷாஹிராவும் சாப்பிட்டுக்கொண்டிருந்த மேசைக்கு வந்து, தன் அடுத்த நிகழ்ச்சிக்கு இரண்டு நிமிடம் பேசி ஒரு வீடியோ தர முடியுமா என்று பிரமிளாவிடம் கேட்டான். முகத்தை மறைத்துவிடலாம் என்றான். அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். தட்டை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போனாள். ஷாஹிராவும் கூடவே போனாள். கிருஷாந்துக்கு ஏதோ உறுத்தியது போலிருந்தது. பிறகு போனை எடுத்து, "மீண்டவர்களுக்குக் கால அவகாசம் தேவை" என்று பதிவு போட்டான். இருநூறு பேர் விரும்பினார்கள்.

இதைப் படிக்கும்போது உங்களுக்குத் தெரிந்த ஒருவர் முகம் மனதில் வந்திருக்கும். "அப்படியே அவன்தான்" என்று சிரித்திருப்பீர்கள். சிரியுங்கள், நானும் சிரித்துக்கொண்டுதான் எழுதினேன். போகிற போக்கில் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் குடியிருக்கும் அடுக்குமாடியில், அடுத்த வீட்டில் ஏதோ விழுந்து உடைந்து, கூடவே ஒரு பெண்ணின் குரலும் கேட்ட அந்த மாலையில், டிவியின் சத்தத்தைக் கூட்டினீர்களா, குறைத்தீர்களா? பதிலை என்னிடம் சொல்ல வேண்டாம். சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவளுக்கு அது கேட்டிருக்கும்.