மீனுக்காகத் தூக்கிய கை

இராமநாதபுரம் சீமையில் மீனைக் கூட்டத்துக்கு அழைத்து வந்து நாற்காலியில் உட்கார வைத்த ஒரே மனிதர் மடவை பாய்தான். சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும். மடவை மீனைப் பற்றிப் பேசாமல் அவர் ஒரு டீ குடித்து யாரும் பார்த்ததில்லை.

எங்கள் ஆற்றில் ஒரு ஷட்டர் உண்டு. அடைத்தால் தண்ணீர் கண்மாய்களுக்கு, திறந்தால் கடலுக்கு. எந்த ஊருக்கு எப்போது முறை என்பதை விவசாயிகள் கூடி முடிவு செய்வார்கள். ஊர்ப் பெயரை வாசித்ததும் அந்த ஊர் ஆள் கை தூக்க வேண்டும். தூக்காவிட்டால் முறை போச்சு. வாசிப்பது என் வேலை. எங்கள் வீட்டில் முதன்முதலாகக் காலேஜ் போனவனிடம் ஊர் அதற்கு மேல் எதையும் எதிர்பார்க்கவில்லை.

கடைசி ஊர் முடிந்ததும் பின்வரிசையில் பாயின் கை எழும். ஆற்று வாயை மணல் அடைத்துவிட்டது, சினை மடவை உள்ளே மாட்டிக்கொண்டது, ஒரு பகல் தண்ணீர் விட்டால் மணல் உடைந்து மீன் கடலுக்குப் போய் முட்டையிடும், இல்லாவிட்டால் அடுத்த வருடம் கடற்கரைக்காரர்கள் வலையில் பாசிதான் ஏறும் என்று ஆரம்பிப்பார். முடிக்க மாட்டார். இப்படி வாதாடுகிறவர் மடவைக் குழம்பைக் கண்டால் சட்டியை வழித்துவிடுவார். கேட்டால், "கட்சிக்காரன்கிட்ட வக்கீல் பீஸ் வாங்கக் கூடாதா தம்பி?" என்பார்.

அவருக்குப் பரம எதிரி என்னைப் பெற்ற அய்யா. எங்கள் வயல் கடைமடை. தண்ணீர் வந்து சேர்வதற்குள் நெல்லே பொறுமை இழந்துவிடும்.

"ஆளு வராத ஊருக்கே முறை கெடையாது. ஒங்க மீனு வந்திருக்கா பாய்?" என்றார் ஒரு நாள்.

அடுத்த கூட்டத்துக்கு மீன் வந்துவிட்டது. பெயிண்ட் வாளியில் இரண்டு மடவை, அய்யாவுக்குப் பக்கத்து நாற்காலியில். மொபெட்டில் குலுங்கி வந்ததில் பாதித் தண்ணீர் ரோட்டோடு போயிருந்தது. தகரக் கொட்டகை வெக்கையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. கூட்டமே சிரித்தது.

அய்யா சிரிக்கவில்லை. கடலுக்கு ஒரு சொட்டுகூட விட ஏலாது என்று முழங்கிக்கொண்டே, தான் குடிக்க வைத்திருந்த பாட்டிலைத் திறந்து வாளியில் ஊற்றினார்.

பாய் எழுந்தார். பிரசங்கத்துக்குப் பயந்து எல்லோரும் நெளிந்தோம்.

"நான் கேக்குறதும் இம்புட்டுத்தான் மாப்ள" என்று உட்கார்ந்துவிட்டார்.

அய்யா காலி பாட்டிலைப் பார்த்தார். "ஒரு பகல்தான். பொழுது சாயவும் அடைச்சுப்புடணும்."

கடைமடைக்காரரே சொன்ன பிறகு மற்றவர்கள் என்ன பேச? அந்த வருடம் மணல் உடைந்தது. பாய் நன்றி சொல்லவில்லை. இரண்டு பகல் தந்திருக்கலாம் என்று டீக்கடை டீக்கடையாகச் சண்டை போட்டார்.

போன மாசிக்குப் பிறகு அவரை மகன் துபாய்க்குக் கூட்டிப் போய்விட்டான். ஆறே இல்லாத ஊரில் யாரோடு சண்டை போடுகிறாரோ.

இந்த வருடக் கூட்டத்தில் ஊர்களை வாசித்து முடித்தேன். பின்வரிசையில் கை எழவில்லை. கொஞ்சம் பொறுத்து, தாளில் இல்லாத ஒரு பெயரையும் வாசித்தேன்.

"மீனு."

முன்வரிசையில், யார் முகத்தையும் பார்க்காமல், அய்யா கை தூக்கினார்.