குவாத்தமாலாவுக்குப் போன கடிதம்

ஸ்பானிஷ் மொழியை இருபத்தைந்தாம் பாடத்திலிருந்து படிக்க ஆரம்பித்த மனிதன் இந்த உலகத்திலேயே ஒருவன்தான். அவன் எங்கள் ஹாஸ்டலில் இருந்தான். மறுப்பவர்கள் இன்னொருவனைக் கொண்டுவந்து காட்டட்டும், நான் எழுதுவதையே விட்டுவிடுகிறேன்.

பிளஸ் டூ வந்த புதிது. உத்தமபாளையத்தில் ஒரு பள்ளிக்கூட ஹாஸ்டலில் எட்டுப் பேர் ஒரே அறையில் கிடந்தோம். அதில் ஒருவன் பக்கத்தில் தேவாரம் என்ற ஊர்க்காரன். வீட்டில் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது; எங்களுக்கு அவன் 'ஸ்பானிஷ்'. சமையல்காரருக்கும் அப்படித்தான். "ஸ்பானிஷுக்கு இன்னொரு கரண்டி ஊத்துப்பா" என்று அவர் சத்தம் போட்டதைக் கேட்டு, புதிதாக வந்த வார்டன் அது ஏதோ விசேஷக் குழம்பு என்று நினைத்துத் தனக்கும் கொஞ்சம் கேட்டார்.

புத்தகத்தை அவன் மதுரையில் ஒரு பழைய புத்தகக் கடையில் பிடித்திருந்தான். முதல் இருபத்து நாலு பாடங்களையும் கரையான் தின்றிருந்தது. அதற்குப் பிந்தைய பாடங்களும் கடைசியில் இருந்த சொற்பட்டியலும் முழுசாகத் தப்பியிருந்தன.

"ஏலே, ஆரம்பமே இல்லாம எப்படிடா படிப்ப?" என்று கேட்டேன்.

"ஆரம்பமெல்லாம் சின்னப் பிள்ளைகளுக்குடா. நாம பிளஸ் டூ. நேரா உயர்நிலைதான்."

விளைவு என்னவென்றால், 'கப்பல் தாமதமாகும் என்று முன்பே தெரிந்திருந்தால் என் குதிரையை விற்றிருக்க மாட்டேன்' என்பதை ஸ்பானிஷில் மூச்சு விடாமல் சொல்வான். நன்றி சொல்லத் தெரியாது. தண்ணீர் கேட்கத் தெரியாது. தினமும் காலையில் குளிக்க வரிசையில் நிற்கும்போது, அந்தக் குதிரை விற்ற துயரத்தை எங்களிடம் உருக்கமாகச் சொல்லிக்கொண்டிருப்பான். இதில் இன்னொரு குழப்பம், புத்தகத்தில் விளக்கமெல்லாம் இங்கிலீஷில் இருந்தது. இங்கிலீஷில் அவன் காலாண்டுத் தேர்வில் பெயில். ஆக, தெரியாத ஒரு பாஷையைத் தெரியாத இன்னொரு பாஷை வழியாகப் படித்துக்கொண்டிருந்தான்.

எதற்காக இந்தப் பாடு என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"எங்கப்பா மலையில ஏலக்காத் தோட்டம் வச்சுருக்காகல்ல? குவாத்தமாலான்னு ஒரு ஊராம்டா. அங்கனயும் ஏலக்காச் செடி போட்டுட்டாகளாம். அதான் நம்ம சரக்கு விலை விழுந்துருச்சுன்னு போடியில ஏலக்கா வாங்குற கடையில சொன்னாகளாம். தோட்டத்த வித்துட்டு எங்கிட்டாச்சும் போயிருவோமான்னு எங்கப்பா யோசிக்கிறாக."

"அதுக்கு நீ என்னடா பண்ணப் போற?"

"அங்க பேசுறது ஸ்பானிஷ். அவுக பாஷையிலயே ஒரு லெட்டர் போடுவோம். வேற ஏதாச்சும் வெள்ளாமை பாருங்கய்யான்னு பக்குவமாச் சொன்னா கேக்க மாட்டாகளா?"

இதில் எங்கோ ஒரு கோளாறு இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. எங்கே என்றுதான் பிடிபடவில்லை.

எங்கள் பள்ளிக்கூடத்தில் கடிதம் எழுதும் முறையை இங்கே சொல்லிவிட வேண்டும். அக்காவுக்குக் கல்யாணம் என்றாலும், வீட்டுப் பசு கன்று போட்டாலும், 'எனக்குக் கடுமையான காய்ச்சல்' என்றுதான் லீவ் லெட்டர் எழுதுவோம். புத்தகத்து மாதிரிக் கடிதம் அப்படி. உண்மையான காரணத்தை வேண்டுமானால் கடைசியில் ஒரு வரி சேர்ப்போம். எந்த வாத்தியாரும் ஏன் என்று கேட்டதில்லை.

ஸ்பானிஷும் அதே முறையைக் கையாண்டான். முப்பத்தேழாம் பாடத்தில் ஒரு மாதிரிக் கடிதம் இருந்தது. அதை ஓர் எழுத்து மாறாமல் முத்து முத்தாக நகல் எடுத்தான். கடைசியில், சொற்பட்டியலைத் துழாவி, 'தயவுசெய்து ஏலக்காய் பயிரிடாதீர்கள்' என்ற ஒரு வரியைச் சேர்த்தான்.

"மேல என்னடா எழுதிருக்கு?"

"அது மரியாதைக்குடா. அதுல நாம கை வைக்கக் கூடாது. விசயம் கீழதான்."

போடிக் கடையில் கிடந்த ஒரு வியாபாரப் பத்திரிகையில் அந்த நாட்டு விவசாயிகள் சங்கம் ஒன்றின் முகவரி கிடைத்தது. கடிதம் விமானத்தில் போனது.

நாங்கள் மறந்தே போயிருந்த ஒரு மத்தியானம் பதில் வந்துவிட்டது. ஹாஸ்டலே எங்கள் அறையில் கூடியது. அவன் ஒவ்வொரு வார்த்தையாகப் பட்டியலில் தேடிச் சொல்ல, நான் எழுதிக்கொண்டே வந்தேன். தந்தை. மரணம். ஆழ்ந்த துயரம். கடவுள். தைரியம்.

அவன் புத்தகத்தை மூடிவிட்டான். "எங்கப்பா செத்துட்டாகடா."

"ஏலே, இந்தா இருக்குற தேவாரத்துல நடந்தது குவாத்தமாலாக்காரனுக்கு எப்படிடா மொதல்ல தெரியும்?"

"ஏல வியாபாரத்துல தகவல் வெரசாப் போயிரும்டா" என்று தேம்பினான்.

அவன் அழுத அழுகையில் எனக்கே அது நியாயமாகப் பட்டது. நானும் அவனும் 'எனக்குக் கடுமையான காய்ச்சல்' என்று வார்டனுக்கு ஆளுக்கொரு லெட்டர் எழுதி வைத்துவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினோம்.

பஸ்ஸிலும் அழுகை நிற்கவில்லை. கண்டக்டர் பக்கத்தில் வந்து மெதுவாக விசாரித்தார். "யாருப்பா தவறிட்டாக?"

"எங்கப்பா."

"அடடா. யாரு சொல்லிவிட்டாக?"

"குவாத்தமாலாவுல இருந்து லெட்டர் வந்துச்சு."

"அம்புட்டுத் தொலைவுல போயா வேலை பாத்தாக?" என்று அவர் உச்சுக்கொட்டினார்.

தேவாரத்தில் அவன் வீட்டு வாசலில் பத்துப் பேர் கூடி நின்றார்கள். அதைப் பார்த்ததும் எனக்கும் சாவு உறுதியாகிவிட்டது. ஸ்பானிஷ் கூட்டத்தைப் பிளந்துகொண்டு உள்ளே பாய்ந்தான். நடுவில் நாற்காலியில், கையில் பேனாவோடு, அவன் அப்பா உட்கார்ந்திருந்தார். எதிரே பத்திரம். பக்கத்தில் தோட்டத்தை வாங்க வந்தவர்.

"அப்பா, போயிட்டீகளே!" என்று அவர் காலைக் கட்டிக்கொண்டான்.

"எங்கடா போனேன்? இங்கனதான இருக்கேன்?"

அவன் பிடித்த காலை விடாமல் விம்மினான். அவர் பையனைப் பார்த்தார், பத்திரத்தைப் பார்த்தார், பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார்.

"தோட்டத்த இன்னைக்கு விக்கிறது பிள்ளைக்கு எப்படியோ தெரிஞ்சுபோச்சுய்யா. இப்படி அழுகுற பயல வச்சுக்கிட்டு நான் எப்படிக் கையெழுத்துப் போட? விலை என்னைக்காச்சும் ஏறட்டும். நீங்க போயிட்டு வாங்க" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "அதுக்குத்தான தம்பி அழுகுறான்?" என்று கேட்டார்.

"ஆமாங்கய்யா" என்றேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன பொய்களில் அது ஒன்றுதான் உருப்படியானது.

திரும்பும் பஸ்ஸில், அவன் கையோடு கொண்டுவந்திருந்த புத்தகத்தைப் பிரித்து, இருவரும் முப்பத்தேழாம் பாடத்துக்கு முதல்முறையாக அர்த்தம் பார்த்தோம். 'என் அருமைத் தந்தையின் மரணத்தைத் தங்களுக்கு அறிவிக்க வருந்துகிறேன்.' உயிரோடு இருக்கும் அப்பா செத்துவிட்டதாகக் கடல் கடந்து சாவு ஓலை அனுப்பியிருக்கிறான் பயல்! அவர்களும் பெருந்தன்மையாக ஆறுதல் எழுதியிருக்கிறார்கள். ஏலக்காயைப் பற்றி மட்டும் மூச்சு விடவில்லை. துக்க வீட்டில் வியாபாரம் பேசக் கூடாது என்று நினைத்திருப்பார்கள்.

கோம்பை வரும்வரை நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

"பாவம்டா, மொகம் தெரியாத ஆளுக. நமக்காக வருத்தப்பட்டுக்கிட்டு இருப்பாக. எங்கப்பா நல்லா இருக்காகன்னு ஒடனே எழுதணும்."

எழுதினான். ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு, இரண்டே வரி. தபால்பெட்டி வரைக்கும் நானும் போனேன்.

"ஏலக்காய் சமாசாரத்தையும் ஒரு வரி கேட்டுருக்கலாம்ல?"

"அத இப்பக் கேட்டா நல்லா இருக்காதுடா" என்று சொல்லிவிட்டுக் கடிதத்தைப் பெட்டிக்குள் போட்டான். அவனோடு இரண்டு வருஷம் ஒரே அறையில் இருந்தவன் நான். இதை இன்றைக்கும் பெருமையாகத்தான் சொல்லிக்கொள்கிறேன்.